41 பேரிடம் பரீட்சித்த மருந்தை நம்பலாமா?

இலங்கை மலையகத்தில், தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் வசிக்கும் ஒரு தகப்பனார் கேட்டிருக்கும் கேள்விக்கு இது பதில். அவருடைய ஐந்து வயது மகளுக்கு, இரத்தத்தை உறைய வைக்கும் காரணிகளில் 13ஆவது பிறவியிலேயே இல்லை. நான்கு வாரத்துக்கு ஒரு முறை கண்டிக்குக் கூட்டிச் சென்று ‘கிரயோ’ (கொடையாளிகளின் இரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த, உறைவுக் காரணிகள் செறிந்த பொருள்) ஏற்றி வருகிறார்கள். கனடாவில் இருக்கும் மைத்துனர், இந்த நோய்க்கென்றே ஒரு தடுப்பு மருந்து இருப்பதாகச் சொல்லி ஒரு கட்டுரையை அனுப்பியிருக்கிறார். அந்த மருந்தின் முக்கியமான ஆய்வில் 41 பேர் மட்டுமே இருந்தார்கள் என்று அதில் படித்ததும் இவருக்கு மனம் குழம்பிவிட்டது. “கொரோனா தடுப்பூசியை 40,000 பேருக்கு மேல் வைத்துப் பரீட்சித்தார்களாம். வெறும் 41 பேரிடம் பரீட்சித்ததை எப்படி நம்புவது? நாளைக்கு இங்கேயே இப்படியொரு மருந்தைப் பரீட்சிக்க என் பிள்ளையைக் கேட்டால் சம்மதிக்கலாமா?” என்று கேட்கிறார்.

நான் வைத்தியர் அல்லன். இரத்த வங்கியிலும் குருதி ஆய்வுகூடத்திலும் நீண்ட காலம் வேலை செய்து ஓய்வு பெற்றவன். பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டத் தொழிலாளர் லயமொன்றில் பிறந்து வளர்ந்தவன். ஆகவே உங்கள் பிள்ளைக்கு எந்த மருந்து, எவ்வளவு என்பதை அவரைப் பார்க்கும் குருதியியல் நிபுணரே தீர்மானிக்க வேண்டும். ஆனால் 41 என்ற எண்ணைப் பற்றி என்னால் சொல்ல முடியும். ஒரு மருந்து இரத்தக் கசிவைத் தடுக்கிறதா என்று அறிய, இந்த நோயைப் பொறுத்தவரை, 41 பேர் போதும். அந்த மருந்தால் அரிதாக ஒரு கெடுதல் வருமா என்று அறிய 41 பேர் போதாது. இவை இரண்டும் வெவ்வேறு கேள்விகள். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான், சிலர் மருந்தைக் கண்மூடி நம்புகிறார்கள், சிலர் கண்மூடி மறுக்கிறார்கள்.

முதலில் நோயைப் பார்க்க வேண்டும், ஏனென்றால் பரீட்சையின் வடிவம் நோயின் குணத்திலிருந்தே வருகிறது. நம் மலைச்சரிவுகளில் பாதையோரம் கல்லுக்கட்டுக் கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். சாந்து வைக்காமல் கல்லை மட்டும் அடுக்கினாலும் கட்டு எழும்பிவிடும். பார்வைக்குக் குறை தெரியாது. இரண்டு நாள் அடைமழை பெய்தால்தான் சரியும். 13ஆம் காரணி அந்தச் சாந்தைப் போன்றது. அது இல்லாதவரின் இரத்தமும் உரிய நேரத்தில் உறைகிறது. ஆனால் உறைந்த கட்டியிலுள்ள ஃபைப்ரின் என்ற புரத இழைகள் ஒன்றோடொன்று பிணைக்கப்படாததால், ஓரிரு நாளில் கட்டி கரைந்து, நின்ற இரத்தம் மறுபடி வரத் தொடங்குகிறது. தொப்புள் கொடி விழும் காலத்தில் நிற்காமல் கசிவதே பெரும்பாலும் முதல் அறிகுறி. இந்த நோயுள்ள பிள்ளைகளில் ஏறத்தாழ 80 சதவீதமானவர்களுக்கு அது நேர்கிறது. நம் லயங்களில் அப்படி நேரும்போது, கொடியைச் சரியாக அறுக்கவில்லை என்று மருத்துவிச்சிமீது பழி போடுவதே வழக்கமாக இருந்தது.

இன்னொரு சிக்கலும் உண்டு. வைத்தியசாலைகளில் வழக்கமாகச் செய்யும் உறைதல் சோதனைகள், கட்டி உருவாக எத்தனை விநாடி ஆகிறது என்பதையே அளக்கின்றன. உருவான கட்டி நிலைக்கிறதா என்று பார்ப்பதில்லை. எனவே இந்த நோயாளியின் அறிக்கை ‘சரி’ என்றே வரும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், இரண்டு முறை சரி என்று எழுதி அனுப்பிய ஒரு கைக்குழந்தையின் இரத்தத்தை, மூன்றாம் முறை, மூத்தவர் ஒருவர் சொன்னதற்காக உறைய வைத்து யூரியாக் கரைசலில் போட்டு வைத்தேன். சாதாரணமானவரின் கட்டி அதில் ஒரு நாள் முழுவதும் அப்படியே கிடக்கும். இந்தக் குழந்தையினுடையது நான் தேநீர் குடித்துவிட்டு வருவதற்குள் காணாமற் போயிருந்தது. குழாயில் தெளிந்த நீர் மட்டுமே மிச்சம். அந்த முதல் இரண்டு அறிக்கைகளிலும் என் கையெழுத்து இருந்தது.

1960இல் சுவிட்சர்லாந்துச் சிறுவன் ஒருவனிடமே இந்நோய் முதன்முதலில் இனங்காணப்பட்டது. சுமார் 20 இலட்சம் பேரில் ஒருவருக்கு வருவதாகச் சொல்லப்பட்டாலும், எல்லா இடத்திலும் ஒரே அளவில் பரவியிருப்பதில்லை. தாய், தகப்பன் இருவரும் பழுதான மரபணு ஒன்றை நோயின்றிச் சுமந்திருந்தால் மட்டுமே பிள்ளைக்கு நோய் வரும். ஒவ்வொரு பிரசவத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. ஹீமோஃபீலியா என்ற இன்னோர் இரத்தக் கசிவு நோய் பெரும்பாலும் ஆண் பிள்ளைகளையே தாக்குவது போலன்றி, இது ஆண், பெண் இருபாலாருக்கும் ஒரே விதமாக வரும். உறவுக்குள்ளேயே திருமணம் செய்யும் சிறு சமூகங்களில் இத்தகைய இரு மரபணுக்கள் சந்திக்கும் வாய்ப்பு அதிகம். உலகிலேயே இந்நோயாளிகள் மிகச் செறிவாக வாழும் இடம் தென்கிழக்கு ஈரானின் சிஸ்தான்–பலூசிஸ்தான் மாகாணம் என்பதற்கு அதுவே காரணம். மாமன் மகளையும் அத்தை மகனையும் கட்டும் நம் வழக்கத்தை நான் இங்கே குற்றம் சொல்ல வரவில்லை. ஆனால் பிள்ளைக்கு நோய் வந்ததும் மருமகள் கால் வைத்த ராசி என்று பேசுகிற வீடுகளுக்கு, மரபணு இரு பக்கத்திலிருந்தும் பாதிப் பாதியாக வந்திருக்கிறது என்பதைச் சொல்லியே ஆக வேண்டும்.

இந்த நோயில் அஞ்ச வேண்டியது மூளைக்குள் கசிவது. கடுமையான குறைபாடுள்ளவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்கு வாழ்நாளில் எப்போதாவது அது நேர்ந்திருப்பதாகப் பதிவுகள் சொல்கின்றன. ஒரு சிறு விழுகையே போதும். சில வேளை விழாமலும் வரும். அதனால்தான் இரத்தம் வந்த பிறகு ஓடுவதைவிட வராமல் தடுப்பது மேல் என்று உலகெங்கும் வைத்தியர்கள் முடிவு செய்திருக்கிறார்கள். இதில் நோயாளிக்குச் சாதகமான ஒன்று இருக்கிறது. ஹீமோஃபீலியாவுக்குரிய 8ஆம் காரணியை ஏற்றினால் அரை நாளில் பாதியாகக் குறைந்துவிடும். 13ஆம் காரணியோ பாதியாகக் குறைய 9 முதல் 14 நாள் வரை எடுக்கும். மேலும், அது சாதாரண அளவில் ஒரு சிறு பங்கு இருந்தாலே தானாக வரும் கசிவுகள் பெரும்பாலும் நின்றுவிடுகின்றன. மாதம் ஒரு முறை கண்டிக்குப் போவது போதுமானதாக இருப்பது இதனால்தான்.

மைத்துனர் சொல்லும் மருந்துக்கு ஐரோப்பாவில் நோவோதேர்ட்டீன் என்றும் அமெரிக்காவில் டிரெட்டன் என்றும் பெயர். மனித இரத்தத்திலிருந்து எடுக்காமல், மரபணு புகுத்திய ஈஸ்ட்டைக் கொண்டு நோவோ நோர்டிஸ்க் நிறுவனம் அதைத் தயாரிக்கிறது. முதலில் ஆரோக்கியமானவர்களுக்கும், பின் 11 நோயாளிகளுக்கும் ஒற்றை வேளையாகக் கொடுத்து, உடலில் எவ்வளவு நாள் நிற்கிறது என்று பார்த்தார்கள். அதன் பிறகு வந்ததே நீங்கள் படித்த ஆய்வு. 2012இல் வெளியான அதில் ஆறு வயதுக்கு மேற்பட்ட 41 பேர், உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 35 அலகு வீதம், நான்கு வாரத்துக்கு ஒரு முறை, 52 வாரங்களுக்கு அம்மருந்தைப் பெற்றார்கள். அந்த ஆண்டில் சிகிச்சை தேவைப்பட்ட கசிவுகள் மொத்தம் ஐந்து; அவை நான்கு பேருக்கு நேர்ந்தவை. கணக்கிட்டால் ஆளுக்கு ஆண்டொன்றுக்கு 0.138 கசிவு. தடுப்பு மருந்தின்றி, கசிந்த பிறகு மட்டும் சிகிச்சை பெற்று வந்தவர்களின் முந்தைய பதிவுகளில் அதே கணக்கு 2.91.

உங்கள் ஐயத்துக்கான விடை இந்த இரண்டு எண்களுக்குள்ளேயே இருக்கிறது. இவர்கள் பழைய முறையிலேயே இருந்திருந்தால் அந்த ஓராண்டில் நூறுக்கும் மேற்பட்ட கசிவுகளை எதிர்பார்த்திருக்க வேண்டும், வந்தவை ஐந்து. நூறு எங்கே, ஐந்து எங்கே? இவ்வளவு பெரிய இடைவெளியைக் காட்ட ஆயிரம் பேர் வேண்டியதில்லை. கொரோனா தடுப்பூசியின் நிலை வேறு. ஊசி போடாதவர்களிலும் சில மாதங்களில் நோய் கண்டவர்கள் நூற்றில் ஒருவர் அளவுக்கும் குறைவு. அப்படிப்பட்ட அபூர்வ நிகழ்வு குறைந்ததா என்று பார்க்க ஆட்களைக் கூட்டத்தான் வேண்டும். ஆளுக்கு ஆண்டில் மூன்று முறை நேரும் ஒன்று கிட்டத்தட்ட மறைந்துபோனதைக் காண அவ்வளவு பேர் தேவையில்லை. தவிர, 20 இலட்சத்தில் ஒருவருக்கு வரும் நோயில் ஆயிரம் பேரை ஓரிடத்தில் சேர்ப்பதும் ஆகாத காரியம்.

இந்த ஆய்வில் பாதிப் பேருக்கு மருந்தும் மறுபாதிக்கு வெறும் தண்ணீர் ஊசியும் கொடுத்து ஒப்பிடவில்லையே என்று யாராவது கேட்கலாம். தடுப்பு வழி இருக்கும்போதே அதைக் கொடுக்காமல், மூளையில் கசிகிறதா என்று ஓராண்டு பார்த்துக்கொண்டிருப்பதை எந்த ஒழுக்கநெறிக் குழுவும் அனுமதிக்காது. ஆகவே பழைய பதிவுகளோடு ஒப்பிடுவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. ஆயினும் அதன் பலவீனத்தையும் சொல்ல வேண்டும். ஆய்வில் சேர்ந்தவரை அடிக்கடி அழைத்துப் பார்க்கிறார்கள். அவரும் விழாமல் அடிபடாமல் கவனமாக நடந்துகொள்கிறார். பழைய கசிவுகளின் கணக்கோ ஞாபகத்திலிருந்தும் குறைபாடான குறிப்பேடுகளிலிருந்தும் வருவது. இன்னொன்று, ஆறு வயதுக்கு மேற்பட்டவர்களை மட்டும் எடுத்தால், அந்த வயதை எட்டாமலே மூளைக் கசிவில் இறந்த பிள்ளைகள் கணக்கிலேயே வரமாட்டார்கள். இவை எல்லாவற்றையும் கழித்துவிட்டுப் பார்த்தாலும் 2.91க்கும் 0.138க்கும் உள்ள தூரத்தை இவற்றால் மட்டும் விளக்கிவிட முடியாது என்பதே என் கருத்து. அந்த இடைவெளி மூன்றுக்கும் இரண்டுக்கும் உள்ளதாக இருந்திருந்தால் நானும் உங்களைப் போலவே தயங்கியிருப்பேன்.

இனி இரண்டாம் கேள்வி: அரிதாக ஒரு கெடுதல் வருமா என்பது. புள்ளிவிபரக்காரர்களிடம் எளிய கணக்கு ஒன்று உண்டு: ஓர் ஆய்வில் ஒரு கெடுதல் ஒருவருக்கும் நேரவில்லை என்றால், மூன்றை ஆய்வில் இருந்தவர்களின் எண்ணிக்கையால் வகுங்கள், உண்மையான ஆபத்து அந்த அளவுவரை இருக்கக்கூடும். மூன்றை 41ஆல் வகுத்தால் ஏறத்தாழ 14இல் ஒன்று. அதாவது, 14 பேரில் ஒருவருக்கு வரக்கூடிய ஒரு கெடுதல்கூட 41 பேர் கொண்ட ஆய்வின் கண்ணில் படாமல் தப்பிவிட முடியும். நூறில் ஒருவருக்கு, ஆயிரத்தில் ஒருவருக்கு வருவதைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். அந்த வகையில் உங்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது.

ஆனால் எல்லா மருந்துக்கும் ஒரே அளவாகப் பயப்பட வேண்டியதில்லை. உடலில் இல்லாத ஒரு பொருளை அப்படியே நிரப்பும் மருந்து ஒரு வகை. இருக்கும் சமநிலையை வேறு வழியில் சாய்த்துவிடும் மருந்து இன்னொரு வகை. இரண்டாம் வகையில் என்ன நேரலாம் என்பதற்கு ஹீமோஃபீலியா மருந்துகளே சாட்சி. எமிசிசுமாப் என்ற மருந்தை 109 பேரிடம் பரீட்சித்த ஆய்வு 2017இல் வெளிவந்தது. தடுப்பு மருந்து இல்லாதவர்களுக்கு ஆண்டுக்கு 23.3 ஆக இருந்த கசிவு, வாராந்த ஊசி பெற்றவர்களுக்கு 2.9 ஆகக் குறைந்தது. அதே ஆய்வில் சிலருக்கு இரத்தக் குழாய்களில் கட்டி அடைத்துக்கொண்டது. அவர்கள் எல்லோரும் கசிவை நிறுத்த வேறொரு உறைவு மருந்தையும் அதே வேளையில் திரும்பத் திரும்பப் பெற்றவர்கள் என்பது பிறகு தெளிவாகி, இரண்டையும் சேர்த்துக் கொடுப்பதில் எச்சரிக்கை வந்தது. ஃபிட்டுசிரான் என்ற மற்றொன்றின் சோதனையில் 2017இல் ஒருவர் மூளைச் சிரையில் கட்டி அடைத்து இறந்தார். சோதனையை நிறுத்தினார்கள், பின் தொடர்ந்தார்கள், மீண்டும் அடைப்புகள் வரவே மருந்தின் அளவைக் குறைத்தார்கள். 2025 மார்ச்சில்தான் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. கசிவைத் தடுக்கும் மருந்தால் அடைப்பு வந்ததை நான் தற்செயலாகக் கருதவில்லை. அந்த மருந்தின் வேலையே அந்தப் பக்கம் சாய்ப்பதுதான்.

13ஆம் காரணி முதல் வகையைச் சேர்ந்தது. அதில் முக்கியமாகக் கண்காணிக்க வேண்டியது, உடல் அதுவரை அறியாத ஒரு புரதத்தை அந்நியமாகக் கருதி எதிர்ப்பொருள் உண்டாக்குகிறதா என்பது. 41 பேரில் நான்கு பேருக்கு அப்படி உண்டானது. மிகக் குறைந்த அளவில், மருந்தின் வேலையைக் கெடுக்காததாக, தானே மறைந்துபோனது. நான் அதை ஆறுதலான செய்தியாகவே வாசிக்கிறேன், ஆனால் முடிந்துபோன செய்தியாக அல்ல. ஆறு வயதுக்குக் குறைந்த ஆறு பிள்ளைகளைத் தனியாக எடுத்து நீண்ட காலம் தொடர்ந்ததும், அனுமதிக்குப் பிறகும் நோயாளிகளைப் பதிவு செய்து வருவதும் இதற்காகவே. உங்கள் மகளின் வயதுக்கு 41 பேரின் ஆய்வைவிட அந்த ஆறு பேரின் ஆய்வே நெருக்கமானது.

கட்டுரையில் உங்கள் கண்ணில் படாமல் போயிருக்கக்கூடிய ஒன்று இருக்கிறது. 13ஆம் காரணி, ஏ, பி என்ற இரு கூறுகளால் ஆனது. ஈஸ்ட்டில் செய்யும் மருந்தில் ஏ கூறு மட்டுமே இருக்கிறது. பெரும்பாலான நோயாளிகளுக்கு இல்லாதிருப்பதும் அதுதான். ஆனால் பி கூறு இல்லாத சிலருக்கு அம்மருந்து உதவாது. உங்கள் மகளுக்கு எது இல்லை என்பது தெரியாமல் அந்த மருந்தைப் பற்றி மைத்துனரோடு விவாதிப்பதில் பயனில்லை.

கிரயோவைத் தாழ்வாக எண்ண வேண்டாம். நம் தேசிய குருதி மாற்றுச் சேவை காசு வாங்காத கொடையாளிகளின் இரத்தத்தையே நம்பியிருக்கிறது. எச்.ஐ.வி., இரு வகை ஈரல் அழற்சி, சிபிலிசு, மலேரியா ஆகியவற்றுக்குச் சோதித்த பின்பே அது வெளியே போகிறது. ஆனாலும் கிரயோவில் வைரசுகளைச் செயலிழக்கச் செய்யும் தனிப்படி இல்லை என்பதால் ஒரு மிகச் சிறிய ஆபத்து மிஞ்சும். ஒவ்வொரு பையிலும் காரணியின் அளவு ஒன்றுபோல இருப்பதுமில்லை. உறையவைத்துக் காத்து, உருக்கிய சில மணி நேரத்துக்குள் ஏற்ற வேண்டிய பொருள் என்பதால் அதைத் தோட்டத்து டிஸ்பென்சரியில் வைத்துக்கொள்ளவும் முடியாது. விடியற்காலையில் பஸ் ஏறி, தாய் அன்றைய பேரை, அதாவது நாட்சம்பளத்தை, இழந்து, இரவு திரும்பி வரும் அந்த ஒரு நாள்தான் இந்தச் சிகிச்சையில் மிகப் பெரிய விலை என்று எனக்குத் தோன்றும். எந்த ஆய்வும் அதை அளந்ததாக நான் காணவில்லை.

பரீட்சைக்குப் பிள்ளையைக் கேட்டால் என்ன செய்வது? இந்நாட்டில் புதிய மருந்தொன்றை மனிதரிடம் பரீட்சிப்பதாயின், 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான தேசிய ஒளடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையின் அனுமதியும் ஓர் ஒழுக்கநெறிக் குழுவின் அனுமதியும் இருக்க வேண்டும். இலங்கை மருத்துவச் சோதனைகள் பதிவேடு என்ற ஒன்று 2006 முதல் இயங்குகிறது. பதிவு இலக்கத்தைக் கேளுங்கள், தயங்காமல் தருவார்கள். சம்மதப் படிவம் தமிழில் இருக்க வேண்டும். நம் ஆட்கள் துரை நீட்டினாலும் டாக்டர் நீட்டினாலும் வாசிக்காமல் கைநாட்டு வைத்துப் பழகியவர்கள். தனக்கு விளங்காத மொழியில் இருந்த தாளில் ஒரு தகப்பன் ஒப்பமிட்டதை நானே பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்திருக்கிறேன். படிவத்தை வீட்டுக்குக் கொண்டுபோய் வாசிக்க நேரம் கேட்பது உங்கள் உரிமை. இடையில் விலகினால் வழமையான சிகிச்சை நிற்காது என்பதும் அப்படியே.

அதற்குப் பிறகு நான் உங்கள் இடத்தில் இருந்தால் மூன்று விடயங்களை வற்புறுத்திக் கேட்பேன். புதிய மருந்தின் அளவைச் சரியாகக் கணிக்க, முன்பு ஏற்றிய கிரயோ உடலிலிருந்து குறையும் வரை காத்திருக்க வேண்டி வரலாம். அந்த நாட்களில் பிள்ளை எங்கே இருப்பார், இரவில் தலையில் அடிபட்டால் யாரை அழைப்பது, வாகனம் யார் தருவது என்பது முதலாவது. மருந்தால் கெடுதல் வந்தால் அதற்கான சிகிச்சைக்கும் நட்டஈட்டுக்கும் யார் பொறுப்பு என்பது இரண்டாவது. ஆய்வு முடிந்த மறுமாதம் மருந்து தொடர்ந்து கிடைக்குமா என்பது மூன்றாவது. எனக்கு இதுவே மிக முக்கியம். தடுப்பு மருந்து என்பது ஓராண்டு எடுத்து முடிக்கும் மருந்தல்ல. இந்த மூன்றுக்கும் எழுத்தில் பதில் இருந்தால் நான் சம்மதிப்பேன். மூன்றாவதற்கு ‘பிறகு பார்க்கலாம்’ என்று பதில் வந்தால், கிரயோவோடு இருந்துகொள்வேன்.

அதுவரை, அடுத்த மாதம் கண்டிக்குப் போகும்போது, பிள்ளைக்கு இல்லாதது ஏ கூறா பி கூறா என்று எழுதி வாங்குங்கள். கிரயோ ஏற்றுவதற்குச் சற்று முன் எடுத்த இரத்தத்தில் காரணி எவ்வளவு இருக்கிறது என்று எப்போதாவது பார்த்திருக்கிறார்களா என்று விசாரியுங்கள். நான்கு வார இடைவெளி அவருக்குப் போதுமா என்பதை அந்த எண் சொல்லும். அவருக்குத் தம்பி தங்கை இருந்தால் அவர்களையும் சோதிக்கச் சொல்லுங்கள். நோயின் பெயரும் இரத்த வகையும் நிபுணரின் தொலைபேசி இலக்கமும் எழுதிய அட்டை ஒன்று வீட்டிலும் பிள்ளை மடுவத்திலும் இருக்கட்டும். காய்ச்சலுக்குப் பனடோல் போதும், டிஸ்பிரின் கூடவே கூடாது. தடுப்பூசி போடும்போது தசையில் ஆழமாகக் குத்த வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லி, போட்ட இடத்தைச் சில நிமிடம் அழுத்திப் பிடித்திருங்கள். தலையில் அடிபட்டால், பிள்ளை சிரித்து விளையாடிக்கொண்டிருந்தாலும், மறுநாள் வரை பொறுத்துப் பார்க்காமல் உடனே புறப்பட்டு விடுங்கள். இந்த நோயில் கட்டி கரைவது இரண்டாம் நாளில்தான்.